குதிரைத் தீவனத்தில் கலக்கும் வைட்டமின்கள்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடி முடிந்த பிறகு, கால்நடை மருத்துவர் என்ற முறையில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே வேண்டுகோள்தான் அதிகம் இருக்கும். "டாக்டருங்க, சந்தையில ஒரு குதிரை புடிச்சிருக்கேன், நல்ல வைட்டமின் பவுடரா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். "குதிரைக்கு என்ன தீனி போடறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பசும்புல்லா, காய்ந்த தட்டையா, கொள்ளா, தவிடா, எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று அவர்கள் சொல்லச் சொல்லத்தான், அந்தக் குதிரைக்கு எந்த வைட்டமின் குறைந்திருக்கக்கூடும் என்பதை என்னால் கணிக்க முடியும். தீனியைப் பற்றித் தெரியாமல் டப்பாவின் பெயரைச் சொல்லும் யோசனை, குதிரைக்குப் பயன்படாமல் போவதோடு சில வேளைகளில் கெடுதலாகவும் முடிகிறது. இதைப் பலருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்தேன். இப்போது ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

குதிரையின் உடலே சில வைட்டமின்களை உண்டாக்கிக்கொள்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் குருட்டுக்குடலும் பெருங்குடலும் மிகப் பெரியவை; அங்கே வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும்போது பி வகை வைட்டமின்களையும் வைட்டமின் கே-யையும் உற்பத்தி செய்கின்றன. மனிதரால் தயாரித்துக்கொள்ள முடியாத வைட்டமின் சி-யைக் குதிரையின் கல்லீரல் குளுக்கோஸிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. வைட்டமின் டி வெயிலில் தோலிலேயே உருவாகிறது. வெயிலில் காய்ந்த புல்லிலும் அது இருக்கிறது. ஆகவே, தினமும் சில மணி நேரம் வெளியே நிற்கும், போதிய நார்த்தீவனம் தின்னும் ஆரோக்கியமான குதிரைக்கு வெளியிலிருந்து கட்டாயம் வந்தாக வேண்டியவை வைட்டமின் ஏ-யும் வைட்டமின் ஈ-யும்தான். இவை இரண்டும் பச்சைப் புல்லில் நிறைய உண்டு. புல் காயக் காயக் குறைந்துவிடும். வாங்கும் டப்பாவின் அட்டையில் 15 வைட்டமின்கள் அச்சிடப்பட்டிருந்தாலும், நம் ஊர்க் குதிரைக்கு அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருப்பவையே.

பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கும் லிவர் டானிக்கும் இங்கே விற்பனையாகும் அளவைப் பார்த்தால், நம் குதிரைகள் எல்லாம் பி வைட்டமின் இல்லாமல் தவிக்கின்றன என்றே தோன்றும். உண்மையில் பி12 குறைபாட்டால் நோயுற்ற குதிரை என்று மருத்துவ இலக்கியத்தில் தெளிவாக நிறுவப்பட்டதே இல்லை. பந்தயத்துக்கு முன் போடப்படும் பி12 ஊசி விரைவில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. பி12-இன் நடுவே இருக்கும் தாது கோபால்ட். ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் என்று நம்பிச் சிலர் கோபால்ட்டை அளவுக்கு மீறிக் கொடுத்ததால், பன்னாட்டுப் பந்தய அமைப்புகள் குதிரையின் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்று அதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கள் பி12 கலந்த பல பொருட்களைச் சேர்த்துக் கொடுப்பதற்கு முன் இந்த வரம்பை நினைவில் வைக்க வேண்டும். தையமின் என்ற பி1 மட்டும் சற்று வேறுபட்டது. தானியத்தை அளவுக்கு மீறித் தின்று பெருங்குடல் புளித்துப்போன குதிரைக்கும், நீலகிரிச் சரிவுகளில் மண்டிக்கிடக்கும் பிரேக்கன் என்ற பெரணிச் செடியை மேய்ந்த குதிரைக்கும் தையமின் உண்மையிலேயே குறையலாம். அத்தகைய குதிரைக்குச் சிகிச்சை தேவை. மற்றக் குதிரைகளுக்கு டானிக் கொடுத்தால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும்.

வைட்டமின் ஏ-யைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007-இல் வெளியிட்ட குதிரை ஊட்டத் தேவைகளின்படி, ஓய்விலிருக்கும் குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 சர்வதேச அலகுகள் போதும். சினைக் குதிரைக்கும் பால் கொடுக்கும் குதிரைக்கும் அதைப்போல் இரண்டு மடங்கு. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு 10,500 அலகுகள் என்று கணக்காகிறது. ஊட்டிக் கேரட் அரை கிலோ போட்டாலே இதைவிட அதிகமாகக் கிடைத்துவிடும். பச்சையில் இருக்கும் பீட்டா கரோட்டினைத் தேவைக்கு ஏற்பவே உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்வதால், எவ்வளவு பச்சை தின்றாலும் நஞ்சாகாது. மேலும், பசுமையான காலத்தில் கல்லீரலில் சேர்ந்த இருப்பு, பல மாதக் கோடையைத் தாண்டும் அளவுக்கு இருக்கும். ஆனால் டப்பாவில் வரும் ரெட்டினால் அப்படி அல்ல. அது நேரடியாக வைட்டமின் ஏ-யாகவே உடலுக்குள் போகிறது, மிகுந்தால் எலும்பு பலவீனமடைகிறது, முடி உதிர்கிறது, சினையில் இருக்கும் குட்டியும் பாதிக்கப்படலாம். ஆண்டு முழுவதும் நெல் வைக்கோலும் தவிடுமே தின்னும் குதிரைக்கு மட்டும்தான் வைட்டமின் ஏ தேவையா என்று நான் யோசிப்பேன். அப்போதும் முதலில் ஒரு கட்டுப் பசும்புல்லுக்கு வழி உண்டா என்றுதான் கேட்பேன்.

வைட்டமின் ஈ-யை அப்படிக் கடந்துபோக முடியாது. நகரத்து லாயங்களிலும், மேய்ச்சலே இல்லாமல் கட்டியே வளர்க்கப்படும் குதிரைகளிடத்திலும் உண்மையாகவே குறையக்கூடிய வைட்டமின் இது ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. தசையையும் நரம்பையும் ஆக்ஸிஜனேற்றச் சிதைவிலிருந்து காப்பது இதன் வேலை. குதிரையால் இதைத் தயாரித்துக்கொள்ள முடியாது. பச்சைப் புல்லில் நிறைய இருக்கும் இந்த வைட்டமின், புல்லை அறுத்துக் காயப்போட்ட உடனேயே குறையத் தொடங்குகிறது. குதிரைமசால் உலர்புல்லை 33 டிகிரி வெப்பத்தில் 12 வாரம் இருப்பு வைத்தபோது அதிலிருந்த வைட்டமின் ஈ-யில் பாதிக்கும் மேல் அழிந்துபோனதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 33 டிகிரி என்பது நம் ஊரில் கோடை வெப்பம்கூட அல்ல. தகரக் கூரைக் கொட்டகையில் தை மாதம் அடுக்கிய கட்டை ஆவணியில் பிரித்துப் போடும்போது அதில் நார்ச்சத்து இருக்கும், கால்சியம் இருக்கும், வைட்டமின் ஈ ஏறக்குறைய இருக்காது.

இந்தக் குறைபாட்டின் கடுமையான வடிவத்தை 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முதன்முதலில் விவரித்தார்கள். குதிரையின் இயக்க நரம்பணுக்கள் சிதையும் நோய் அது. பச்சையே காணாமல் ஓர் ஆண்டுக்கும் மேலாக மட்டமான உலர்புல்லில் வாழ்ந்த குதிரைகளுக்கு அது வந்தது. நன்றாகத் தின்றும் உடல் இளைக்கும். நிற்கும்போது தொடையும் தோளும் நடுங்கும். நான்கு கால்களையும் வயிற்றுக்கு அடியில் கூட்டிக்கொண்டு நிற்கும். வழக்கத்தைவிட அதிக நேரம் படுத்துக் கிடக்கும். ஆனால் நடக்கும்போது நிற்பதைவிட இலகுவாகத் தெரியும் என்பதால், பார்ப்பவர்கள் சோம்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த நிலைக்கு வந்த பிறகு வைட்டமின் கொடுத்தால் சில குதிரைகள் தேறும், ஆனால் இறந்த நரம்பணு திரும்பி வராது. அதனால்தான், பச்சை கிடைக்காத குதிரைக்கு முன்கூட்டியே வைட்டமின் ஈ கொடுக்கச் சொல்கிறேன்.

தேவை எவ்வளவு என்றால், வேலையற்ற குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 அலகு, கடும் வேலை செய்யும் குதிரைக்கு 2 அலகு. 400 கிலோ குதிரைக்கு 400 முதல் 800 அலகு வரை. மருந்துக்கடையில் மனிதருக்காக விற்கும் 400 மில்லிகிராம் கேப்சூலைத் துளைத்துத் தவிட்டில் பிழிந்துவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அது தவறல்ல, ஏனெனில் செயற்கை முறையில் தயாரித்த டோகோஃபெரில் அசிடேட் என்ற வைட்டமின் ஈ வடிவம் 1 மில்லிகிராம் என்பது 1 அலகு. இயற்கை வடிவம் குதிரையின் ரத்தத்தில் இதைவிட நன்றாகச் சேர்கிறது. நீரில் கரையும்படி செய்த இயற்கை வடிவம் இன்னும் விரைவாகச் சேர்கிறது, விலையும் அதற்கேற்ப அதிகம். குறைபாடு உறுதியான குதிரைக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். மற்றவற்றுக்குச் சாதாரண கேப்சூல் போதும். கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படுவதால் தீனியோடு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் தண்ணீரில் கலந்து கொடுக்கக் கூடாது. உடல் தேறுவதற்காகத் தீவனத்தில் எண்ணெய் ஊற்றுபவர்கள், எண்ணெய் கூடினால் வைட்டமின் ஈ-யின் தேவையும் கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். இது நஞ்சாவது அரிது. ஆனாலும் கிலோவுக்கு 20 அலகு என்ற மேல்வரம்பைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரத்தம் உறைவதில் கோளாறு வரக்கூடும். ரத்தப் பரிசோதனை செய்ய வாய்ப்பிருந்தால் மிக நல்லது: மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஆல்ஃபா டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) இருந்தால் போதுமானது, 1.5-க்குக் கீழே போனால் குறைபாடு.

குளம்புப் பவுடர் என்று விற்கப்படுவதில் முக்கியமான பொருள் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின். இதற்கு உருப்படியான சான்று இருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். லிப்பிஸானர் குதிரைகளுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்து நடத்தப்பட்ட, 1995-இல் வெளியான ஆய்வில், குளம்பின் தரம் ஒன்பது மாதத்துக்குப் பிறகு தெளிவாக மேம்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது அந்த ஒன்பது மாதம். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கிறது; மேலே முடியோரத்தில் இன்று உருவாகும் கொம்புப் பகுதி முன்நுனிக்கு வந்து சேர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். ஏற்கெனவே வெடித்த பகுதியைப் பயோட்டின் ஒட்டவைக்காது, இனி வளரும் பகுதியைத்தான் நன்றாக வளரச் செய்யும். இரண்டு மாதம் கொடுத்துவிட்டுப் பயனில்லை என்று நிறுத்துபவர்களும், 20 மில்லிகிராம் வேண்டிய இடத்தில் ஒரு கரண்டிக்கு 2 மில்லிகிராம் மட்டுமே இருக்கும் பவுடரை வாங்குபவர்களும் காசை வீணாக்குகிறார்கள். பயோட்டினால் கெடுதல் ஏற்பட்டதாக அறியப்படவில்லை. ஆனால் அந்தப் பவுடரில் பயோட்டினோடு கூட வரும் பொருள்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கால்சியம் டானிக்கைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டங்களில் வைட்டமின் என்ற பெயரில் நடக்கும் தவறுகளில் இதுவே அடிக்கடி என் கண்ணில் படுகிறது. உடுமலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மார்வாரிப் பெண்குதிரை ஒன்று நொண்டுகிறது என்று அழைத்தார்கள். இன்று முன்னங்கால், அடுத்த வாரம் பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. லாடம் அடிப்பவர் வந்து பார்த்துக் குளம்பில் குறையில்லை என்று சொல்லிவிட்டார். நான் குதிரையின் முகத்துக்கு நேரே நின்று, இரு கண்களுக்கும் கீழே கன்ன எலும்பு இறங்கும் இடத்தில் இரண்டு கைகளாலும் தடவிப் பார்த்தேன். கூர்மையாக விரலில் தட்டுப்பட வேண்டிய விளிம்பு மழுங்கி, இரு பக்கமும் ஒரே அளவில் உப்பியிருந்தது. தீவனத்தொட்டியில் கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் ஈரமாகக் குழைத்த கோதுமைத் தவிடும் இருந்தன. தொட்டியின் ஓரத்தில் கறவை மாட்டுக்கு விற்கும் கால்சியம் டானிக் கேன். "கால் நோவுதுன்னு ரெண்டு மாசமா இதைத்தானுங்க ஊத்தறேன், நூறு மில்லி பத்தலைன்னு இருநூறா ஆக்கிட்டேன்" என்றார் தோட்டக்காரர்.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மாட்டுக்கு அருமையான தீவனம். அதிலிருக்கும் ஆக்ஸலேட்டை மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். குதிரைக்கு நுண்ணுயிர்கள் இருப்பது பெருங்குடலில். கால்சியம் உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்பே சிறுகுடலில். ஆக, சிறுகுடலுக்கு வரும்போது ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, கால்சியம் உறிஞ்சப்படாமலே போகிறது. கோதுமைத் தவிட்டிலோ பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பல மடங்கு. இரண்டும் சேர்ந்தால், ரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடல் தன் எலும்பையே கரைக்கிறது. கரைந்த இடத்தில் நார்த்திசு நிரம்பி முகம் வீங்குகிறது. ஊட்டியில் சவாரிக் குதிரைகள் மேயும் கிக்குயு புல்லிலும் இதே ஆக்ஸலேட் சிக்கல் உண்டு. இதில் வைட்டமின் டி குறைவு என்பதே எங்கும் இல்லை.

அந்த டானிக்கின் அட்டையைப் படித்துக் கணக்குப் போட்டேன். 100 மில்லியில் 8,000 அலகு வைட்டமின் டி3 என்று போட்டிருந்தது. கால்சியம் சில கிராம்தான். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் டி சுமார் 2,640 அலகு, பாதுகாப்பான மேல்வரம்பு 17,600 அலகு. 200 மில்லி ஊற்றியதில் 16,000 அலகு உள்ளே போயிருக்கிறது. அந்தக் குதிரைக்கு நாளுக்கு 16 கிராம் கால்சியம் வேண்டும். டானிக்கால் அதை ஈடுகட்ட முடியவில்லை, ஆனால் வைட்டமின் டி-யை மட்டும் வரம்பின் விளிம்புவரை கொண்டுபோய்விட்டது. இன்னொரு வைட்டமின் பவுடரையும் சேர்த்திருந்தால் விளிம்பைத் தாண்டியிருக்கும். வைட்டமின் டி நஞ்சானால் இதயம், பெருந்தமனி, சிறுநீரகம் ஆகிய மென்திசுக்களில் சுண்ணாம்பு படிகிறது. படிந்த சுண்ணாம்பை அகற்ற மருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குதிரையின் முழுத்தீவனத்தில் கிலோவுக்கு 4,000 அலகுக்கு மேல் டி3 இருக்கக் கூடாது என்று சட்டமே இருப்பது இதனால்தான்.

டானிக்கை நிறுத்தினோம். தவிட்டை நிறுத்தினோம். கோ-4 புல்லைப் படிப்படியாகக் குறைத்துச் சோளத்தட்டையும் குதிரைமசாலும் கொடுக்கச் சொன்னேன். உலர்ந்த குதிரைமசால் ஒரு கிலோவில் 12 கிராமுக்குக் குறையாமல் கால்சியம் கிடைக்கும். அத்துடன் சில மாதங்களுக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வரும்படி தாது உப்பும் சேர்த்தோம். நொண்டல் மெல்ல மெல்ல நின்றது. முக வீக்கம் குறைந்ததே தவிர முழுவதும் போகவில்லை, போகவும் போகாது. பெயரைக் கேட்டு குதிரைக்கென்றே ஆன புல் என்று நம் முன்னோர் சொல்லிவைத்த குதிரைமசால் இருக்க, மாட்டு டானிக்கின் பின்னால் ஏன் போக வேண்டும் என்று அந்தத் தோட்டக்காரரிடம் கேட்டேன். இப்போது அவர் வரப்போரத்தில் பத்துச் சென்ட்டில் அதைப் பயிரிட்டிருக்கிறார்.

குளம்புப் பவுடரில் கூட வரும் பொருள் என்று சொன்னேன் அல்லவா, அது செலினியம். வைட்டமின் ஈ-யோடு சேர்ந்து வேலை செய்யும் தாது என்பதால் ஏறக்குறைய எல்லா வைட்டமின் டப்பாக்களிலும் இதைச் சேர்த்துவிடுகிறார்கள். தேவையான அளவு மிகச் சிறியது: 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 1 மில்லிகிராம். தேவைக்கும் நஞ்சுக்கும் உள்ள இடைவெளியும் இதில் குறுகியது. ஒரு லாயத்தில் குளம்புக்கு ஒரு பவுடர், பொதுச் சத்துக்கு ஒரு பவுடர், தசைக்கு ஈ-செலினியம் திரவம் என்று மூன்று வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு வேளைக்கு முறையே 1, 1, 1.5 மில்லிகிராம் செலினியம் இருந்தால் மொத்தம் 3.5. நம் ஊரில் சாதாரணமாகக் காணும் 270 கிலோ நாட்டுக்குதிரைக்குத் தேவை அரை மில்லிகிராம்தான். ஏழு மடங்கு போய்விட்டது. இந்த அளவில் குதிரை உடனே விழுந்துவிடாது என்பது உண்மை. ஆனால் அது தின்னும் ஐந்தரைக் கிலோ உலர்தீவனத்தோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் அளவில் வந்து, ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்ட 0.5-ஐத் தாண்டிவிடுகிறது, லாயப் பையன் ஆசையோடு ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகப் போட்டால் ஆபத்தின் எல்லையை நெருங்கிவிடுகிறது. பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பகுதிகளில் மண்ணிலேயே செலினியம் மிகுதி. அத்தகைய மண்ணில் விளைந்த தீவனத்தைத் தின்ற கால்நடைகளுக்குக் குளம்பு கழன்றுபோன வரலாறு உண்டு.

நாள்பட்ட செலினிய நஞ்சின் அறிகுறிகளைக் கேட்டால் இதிலுள்ள பொறி விளங்கும். பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். குளம்பின் முடியோரத்தில் வெடிப்பு விழும். குளம்பைச் சுற்றி வளையங்கள் தோன்றும். இவற்றைப் பார்க்கும் உரிமையாளர் சத்துக் குறைவு என்று எண்ணி, குளம்புப் பவுடரை இன்னொரு கரண்டி கூட்டுகிறார். முடி உதிரும், குளம்பு வெடிக்கும் குதிரையைப் பார்க்கப் போகும்போதெல்லாம், லாயத்தில் உள்ள எல்லா டப்பாக்களையும் எடுத்து வந்து வரிசையாக வைக்கச் சொல்வது என் வழக்கம்.

திடீரென்று மிகுந்தால் என்ன ஆகும் என்பதை 2009 ஏப்ரலில் உலகமே பார்த்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வெலிங்டன் நகரில் நடந்த போலோ போட்டிக்கு வந்திருந்த லெச்சூஸா கராகஸ் அணியின் 21 குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து இறந்தன. பி12, பொட்டாசியம், மக்னீசியம், செலினியம் ஆகியவை சேர்ந்த, சோர்வு நீக்கும் சத்து ஊசி என்று கருதப்பட்ட கலவை அவற்றுக்குப் போடப்பட்டிருந்தது. மருந்துக்கடை ஒன்றில் தனியாகக் கலந்து தயாரிக்கப்பட்ட அந்த மருந்தில் செலினியத்தின் அளவு தவறியிருந்தது. நோயில்லாத, கட்டுடலோடு இருந்த குதிரைகள் அவை. தீவனத்தில் கலப்பதைவிட ஊசியாகப் போடுவதில் ஆபத்து பல மடங்கு என்பதற்கு வேறு சான்றும் இருக்கிறது: வைட்டமின் கே3 எனப்படும் மெனாடியோன் ஊசி, அட்டையில் சொன்ன அளவிலேயே குதிரைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்திருக்கிறது, ஈ-செலினியம் ஊசியால் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டு இறந்த குதிரைகளும் உண்டு. சத்துக்காக என்று சொல்லி யார் ஊசியை எடுத்தாலும் தடுத்துக் கேள்வி கேளுங்கள்.

பிற கால்நடைகளுக்கான பொருட்களைக் குதிரைக்குக் கொடுப்பதைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கையை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனக் கலவைகளிலும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. கோழிக்கு ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் இந்த மருந்து குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் மோனென்சின் போனாலே குதிரை இறக்கக்கூடும். கோழி அதைப்போல் பல பத்து மடங்கைத் தாங்கும். மாற்று மருந்தும் கிடையாது. கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களே குதிரையும் வைத்திருப்பது கொங்குப் பகுதியில் சாதாரணம். பண்ணையில் மிச்சமான வைட்டமின் கலவை மூட்டையைக் குதிரைக்குப் பிரிக்காதீர்கள். கோழித்தீவனம் அள்ளிய கரண்டியையும் வாளியையும்கூடக் குதிரைத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம்.

அட்டையில் உள்ள அளவுகள் பெரும்பாலும் 500 கிலோ எடையுள்ள வெளிநாட்டுக் குதிரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், உங்கள் குதிரையின் எடை தெரியாமல் எந்தக் கரண்டியையும் தொடக் கூடாது. எடைமேடை தேவையில்லை; தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டத்தின் முனை வரையிலான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். மார்பு 155, நீளம் 135 என்றால் எடை 273 கிலோ. அந்தக் குதிரைக்கு அட்டையில் சொன்னதில் பாதியளவே போதும் என்பது இப்போது தெரிந்துவிடும். கரண்டியையும் ஒருமுறை நகை எடைபோடும் சிறு தராசில் வைத்துப் பாருங்கள். குவித்து அள்ளுவதற்கும் தட்டி அள்ளுவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பது வியப்பைத் தரும். ஆய்ந்து சேர்த்த அளவை அட்டையில் மில்லிகிராமிலும் அலகிலும் போடாமல், சத்துகள் நிறைந்தது என்று மட்டும் அச்சிட்டிருக்கும் பொருளை நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை.

வாங்கிய வைட்டமின் எவ்வளவு காலம் வைட்டமினாக இருக்கும் என்பதும் முக்கியம். வெப்பம், ஒளி, ஈரம் ஆகியவை இவற்றைக் குலைக்கும். செம்பும் இரும்பும் கலந்த பவுடரில் வைட்டமின்கள் இன்னும் வேகமாகச் சிதையும். பெரிய வாளியாக வாங்கினால் விலை குறைவு என்று பார்க்காமல், இரண்டு மாதத்தில் தீரும் அளவில் வாங்கி, மூடியை இறுக மூடி, வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். தவிட்டில் கலந்து வைத்துவிட்டு மறுநாள் போடுவது கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் வைட்டமின் சேர்க்கையே வேண்டாம் என்பது என் நிலை அல்ல. பச்சையில்லாத லாயத்துக் குதிரை, கடைசி மூன்று மாதச் சினையில் இருக்கும் குதிரை, குட்டிக்குப் பால் கொடுக்கும் குதிரை, கொடுத்த தீனியை மெல்ல முடியாத பல் தேய்ந்த முதிய குதிரை, பெருங்குடல் நோயிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் குதிரை ஆகிய இவற்றுக்கு, கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒரே ஒரு நல்ல கலவை பெரும் உதவி. அத்தகைய குதிரைக்காக என்னையோ உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரையோ அழைப்பதற்கு முன், ஒரு நாளைக்குப் போடும் புல், தட்டை, தானியம், தவிடு ஆகியவற்றைத் தனித்தனியே எடைபோட்டு எழுதி, டேப்பில் அளந்த இரண்டு எண்களையும் குறித்து, லாயத்தில் உள்ள எல்லா டப்பாக்களின் பின்புற அட்டையையும் படம் எடுத்து வைத்திருங்கள். அவை கையில் இருந்தால், எதைச் சேர்ப்பது, எதை நிறுத்துவது என்பதை ஒரே அழைப்பில் முடிவு செய்துவிடலாம்.